ஆடுகள் சாய்ந்து படுத்த சுவர்

1

போன வாரம் ரெசிடென்ட் கார்டைப் புதுப்பிக்கப் போயிருந்தேன். ஓமானுக்கு வந்து இத்தோடு பத்து வருடம். டோக்கன் எடுப்பது, கண்ணாடித் தடுப்புக்கு முன்னால் நிற்பது, கட்டைவிரலை இயந்திரத்தில் வைத்து அது ஏற்காமல் பேண்ட்டில் துடைத்து மறுபடி வைப்பது எல்லாம் பழகிவிட்டது. இந்த முறை கவுன்ட்டரில் இருந்தவர் பேச்சுப்பிரியர். என் தொழில் என்று அச்சிட்டிருந்ததைப் படித்துவிட்டுச் சிரித்தார். அரபியில் 'தப்ரீத்' என்று போட்டிருக்கும், குளிரூட்டுதல். இந்த நாட்டில் உனக்கு வேலையே போகாது என்றார்.

எனக்கு என்ன தோன்றியதோ, ஒரு தடவை தரையைச் சூடாக்கும் வேலையும் செய்திருக்கிறேன் என்று சொன்னேன். கையிலிருந்த ஸ்டாம்ப் அப்படியே நின்றது. எங்கே என்று கேட்டார். ஜெபல் அக்தர் என்றதும் முகம் தெளிந்தது. தன் மாமா அங்கேதான் இருப்பதாகவும், ஜனவரியில் அவரைப் போர்வைக்குள்ளிருந்து வெளியே எடுக்க முடியாது என்றும் சொல்லிவிட்டு ஸ்டாம்பை அழுத்தினார்.

கவுன்ட்டர்காரர் நம்பிவிட்டார். நம் ஊர்க்காரர்கள்தான் நம்புவதில்லை. விருதுநகரில் என்னோடு படித்தவர்களிடம் இதைச் சொல்லும்போதெல்லாம், 'கல்ஃப்ல தரைய எதுக்குடா சூடாக்கணும், செருப்பக் கழட்டிட்டு நட, போதும்' என்பார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

2

மஸ்கட்டிலிருந்து நிஸ்வா வழியாக உள்நாட்டுக்குள் போனால் ஜெபல் அக்தர் மலை. பச்சை மலை என்று பொருள். அடிவாரத்தில் போலீஸ் சோதனைச் சாவடி இருக்கும். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியாக இல்லாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மேலே மாதுளை, வாதுமை, ரோஜாத் தோட்டங்கள். கீழே மஸ்கட்டின் ரூவியில் ஏ.சி. போட்டுக்கொண்டு தூங்குகிற அதே மார்கழியில் மேலே தொட்டித் தண்ணீரின் மேல் மெல்லிய ஏடு மாதிரி பனிக்கட்டி கட்டியிருக்கும்.

அங்கே சலீம் என்பவர் வீடு கட்டினார். அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். எழுபதுகளில் போலந்தில் போய்ப் படித்தபோது அங்கேயே இரேனா என்ற பெண்ணை மணந்து அழைத்து வந்திருக்கிறார். இரேனா அம்மையார் முப்பது வருடத்துக்கு மேல் மஸ்கட்டில் வாழ்ந்தவர். ஓமானியப் பெண்கள் மாதிரியே தலையில் துணி கட்டிக்கொண்டு, அவர்கள் மாதிரியே விரலால் சோறு உண்டு, ஆனால் டீயை மட்டும் அவர் ஊர் வழக்கப்படி எலுமிச்சைத் துண்டு போட்டுக் குடிப்பார். மலை வீட்டுக்கு அவர் வைத்த ஒரே நிபந்தனை, தரைக்கடியில் வெந்நீர்க் குழாய் ஓட வேண்டும் என்பது. ஜனவரி மாதக் காலையில் வெறுங்காலோடு அடுப்படிக்கு நடந்து போக வேண்டுமாம். இத்தனை வருடம் ஏ.சி. தரையில் செருப்பு மாட்டிக்கொண்டு நடந்ததற்கு அது ஈடு என்றார்.

எங்கள் கம்பெனிக்கு அந்த வேலை வந்தது. கம்பெனியில் ஒருவருக்கும் தரைச்சூடு பற்றித் தெரியாது. ஏ.சி. இன்ஜினியர்தானே, குழாயில் ஓடுவது குளிரோ சூடோ உனக்கென்ன என்று லெபனான்கார மேனேஜர் என்னிடம் தள்ளிவிட்டார். எனக்கு உள்ளூர மகிழ்ச்சி. அத்தனை வருடமும் சூட்டை வீட்டுக்கு வெளியே தள்ளுவதுதான் என் பிழைப்பு. அதை உள்ளே பிடித்து வைப்பது எப்படி என்று படிக்க உட்கார்ந்தேன்.

குழாய்ச் சுருள்கள் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்தன. துறைமுகத்தில் பெட்டியைத் திறந்த அதிகாரி, இது என்ன என்று கேட்டார். சொன்னேன். பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டு, மறுபடி சொல்லச் சொன்னார். அவர் இன்னொருவரைக் கூப்பிட்டார். மூன்றாம் ஆள் வந்ததும் எனக்குப் புரிந்தது, இது விசாரணை இல்லை, வேடிக்கை. அவர்களுடைய பட்டியலில் 'தரைச் சூடேற்றி' என்று ஒரு பொருளே இல்லை. கடைசியில் 'தண்ணீர்க் குழாய், வீட்டு உபயோகம்' என்று எழுதி விட்டார்கள். அதுவும் பொய்யில்லை.

3

வேலை எளிதுதான். கான்கிரீட் தளத்தின்மேல் கெட்டியான நுரைப்பலகை பரப்ப வேண்டும். ஊரில் கல்யாண மேடையில் பெயர் வெட்டி ஒட்டுகிற தெர்மோகோலுக்கு அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன்மேல் பிளாஸ்டிக் தாள். அதன்மேல் பாம்பு மாதிரி வளைந்து வளைந்து குழாய். குழாயை மூடிச் சிமெண்ட் கலவை கொட்டி மட்டம் பார்ப்பார்கள். சைட்டில் அதற்கு ஸ்க்ரீட் என்று பெயர். அதன்மேல் டைல்ஸ்.

எல்லா வேலைக்காரர்களுக்கும் அந்த நுரைப்பலகை பழக்கமானது. மஸ்கட்டில் மொட்டை மாடிகளில் வெயில் இறங்காமல் இருக்க அதைத்தான் போடுகிறோம். அதே பலகையை இங்கே சூடு போய்விடாமல் இருக்கப் போடுகிறோம் என்றபோது, கொத்தனார்களில் ஒருவரான பாகிஸ்தான்காரர் குல்சார், அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு எந்தப் பக்கம் சூடு, எந்தப் பக்கம் குளிர் என்று இதற்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். எனக்கு அந்தக் கேள்வி மிகவும் பிடித்திருந்தது. இதற்கு ஒன்றும் தெரியாது, இருக்கிறதை இருக்கிற பக்கமே நிறுத்திவைக்கும், அவ்வளவுதான் என்றேன்.

பழக்கமில்லாத பொருள் ஒன்றே ஒன்று. ஓரப்பட்டை. விரல் தடிமன்கூட இல்லாத நுரைப்பட்டை, சுருளாக வரும். அறையின் நான்கு சுவர் அடியிலும், தூணைச் சுற்றியும், வாசற்கால் ஓரத்திலும் அதை நிமிர்த்தி ஒட்டி ஓடவிட வேண்டும். சூடான தரை கொஞ்சம் விரியும்; அது சுவரை இடிக்காமல் இந்தப் பட்டை நசுங்கிக்கொடுக்கும். அதைவிட முக்கியம், தரையின் சூடு சுவரில் ஏறி வெளியே போய்விடாமல் தடுக்கும். அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்கும்போது பிடிதுணி செய்கிற வேலைதான். சுவர்களுக்கு உட்புறம் நுரைப்பலகை வைத்துப் பூசிவிட்டோம். ஆனால் அந்தப் பலகை தரைமட்டத்துக்கு மேல்தான் தொடங்கும். தரையும் சுவரின் சிமெண்ட் கல்லும் சந்திக்கிற இடத்தில் காவல், அந்த மெல்லிய பட்டை மட்டும்தான்.

கொத்து வேலைக்கு போர்மேன் பூமிநாதன். முதுகுளத்தூர்ப் பக்கம். எங்கள் கம்பெனியிலேயே நேர்க்கோடு பிடிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. அது அவருக்கும் தெரியும். பிசிறு கண்டால் பொறுக்க மாட்டார். டைல்ஸ் ஓரத்தில் ஒரு நூல் சாந்து துருத்தினால் தானே குனிந்து சுரண்டிவிட்டுப் போவார். ஊரில் அவருக்கு ஒரு மகன் பிறந்திருந்தான். இவர் கிளம்பி வந்தபின் பிறந்தவன். போட்டோவில்தான் பார்த்திருக்கிறார். பொங்கல் கழிந்ததும் லீவு என்று முடிவாகியிருந்தது.

குழாய் பரப்பி, தண்ணீர் ஏற்றி, அழுத்தம் நிற்கிறதா என்று பார்த்து ஒப்படைத்துவிட்டு நான் ரூவி ஆபீசுக்கு இறங்கிவிட்டேன். ஸ்க்ரீட்டும் டைல்ஸும் பூமிநாதன் ஆட்கள் போட்டார்கள். கலவை காயக் காத்திருந்து, டிசம்பர் கடைசியில் முதல்முறை சூடேற்றும்போது மறுபடி மலை ஏறினேன். சலீம், குடும்பத்தோடு வா, பக்கத்தில் என் தம்பி வீடு காலியாக இருக்கிறது என்று சொல்லியிருந்தார். வியாழன் வெள்ளி விடுமுறை. மனைவி சுதாவும் மகள் நிலாவும் உடன் வந்தார்கள்.

4

நிலா மஸ்கட்டில் பிறந்தவள். அவளுக்குக் குளிர் என்பது ஒரு பொத்தான். வண்டியிலிருந்து இறங்கி மலைக்காற்று முகத்தில் அறைந்ததும், 'அப்பா, ஹூ டர்ன்ட் இட் சோ லோ?' என்று கேட்டாள். யார் இவ்வளவு குறைத்து வைத்தது என்று. சுதா தன் சால்வையைப் பாதி கிழிக்காத குறையாக அவளையும் சேர்த்துச் சுற்றிக்கொண்டாள்.

அன்று மாலை பம்ப்பை ஓடவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகச் சூட்டை ஏற்றினேன். வேகமாக ஏற்றினால் தரை வெடிக்கும். மறுநாள் காலையில் கூடத்தின் நடுவில் தரை நன்றாகவே சூடேறியிருந்தது. ஆனால் சுவரோரம் போகப்போகக் குறைந்தது. கிழக்குச் சுவருக்குப் பக்கத்தில் கால் வைத்தால் சில்லென்றிருந்தது. நான் முட்டிபோட்டு உள்ளங்கையால் தரையைத் தடவிக்கொண்டே போனேன். பார்க்கிறவர்களுக்குத் தரைக்கு எண்ணெய் தேய்த்துவிடுவதுபோலத் தோன்றியிருக்கும். இரேனா அம்மையார் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது தரையில் எங்கோ 'டக்' என்று ஒரு சத்தம். ஒரு டைல் நடுவில் மயிர்க்கோடாக விரிந்திருந்தது.

வெளியே காப்பி டம்ளரோடு நின்ற சுதா கூப்பிட்டாள்.

"ஏங்க, இங்க வந்து பாருங்க. ஆடெல்லாம் இந்த ஒரு செவத்தவே ஏன் ஒட்டிக்கிட்டுக் கெடக்கு?"

போய்ப் பார்த்தேன். ஜெபல் அக்தர் ஆடுகளுக்கு உடம்பெல்லாம் நீள மயிர். ஊர் ஆடுகள் போல அவிழ்த்துவிட்டபடி திரிபவை. வெயில் இன்னும் ஏறாத நேரம். முற்றம் அவ்வளவு பெரிதாக இருக்க, அத்தனையும் வீட்டின் சுவரடியில் வரிசையாக முதுகை ஒட்டிச் சாய்ந்து படுத்திருந்தன. சில கண்ணை மூடி அசைபோட்டன. ஒன்றை எழுப்பிவிட்டு அது படுத்த இடத்தில் சுவரைத் தொட்டேன். வெதுவெது என்றிருந்தது. ஆட்டின் சூடாக இருக்கும் என்று, ஆடு படுக்காத இடத்தில் தொட்டேன். அங்கேயும் அப்படியே. முழங்கால் உயரத்துக்கு மேலே தொட்டால் கல் விறைத்திருந்தது.

இரேனா அம்மையாரும் வந்து தொட்டுப் பார்த்தார். என்னைத் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் ஆடுகளைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, முதலில் என் வீட்டில் குடியேறியவர்கள் இவர்கள்தான் என்று அரபியில் சலீமிடம் சொன்னார்.

ஓரத்தில் ஒரு டைலை எடுத்துப் பார்த்தோம். தரைக்கும் சுவருக்கும் நடுவில் ஓரப்பட்டை இல்லை. நுரைப்பலகையின் மட்டத்தோடு, கத்தியால் ஒரே சீராக, ரொம்ப அழகாக வெட்டப்பட்டிருந்தது. அதன்மேல் ஸ்க்ரீட் போய்ச் சுவரில் முட்டி நின்றது. சுவரோடு சுவராகப் பிடித்துவிட்டிருந்தது. வீடு முழுக்க அப்படித்தான்.

5

பூமிநாதனை, ஆட்கள் தங்கும் கேம்ப்பிலிருந்து வரவழைத்தேன். பார்த்ததும் அவர் முகம் செத்துவிட்டது. ஆனால் பேச்சில் தடுமாற்றம் இல்லை.

"சார், எழுதியிருக்கதத்தான் செஞ்சோம். டிராயிங்க எடுத்துப் பாருங்க."

எடுத்துப் பார்த்தேன். குழாய் விற்ற கம்பெனி அனுப்பிய வரைபடம். அவர்கள் மொழியில் எழுதி, யாரோ ஆங்கிலத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். மூலையில் ஒரு வரி: ஓரப்பட்டையை 'அட் ஃபினிஷிங்' வெட்டவும்.

எழுதியவர் நினைத்தது, எல்லாம் முடியும்போது, டைல்ஸ் போட்டு முடித்த பிறகு. நானும் அப்படித்தான் வாசித்திருந்தேன். ஆனால் கல்ஃப் சைட்டுகளில் ஃபினிஷிங் என்றால் முடிவு இல்லை. அது ஒரு கட்டம். சுவர் எழுப்பி, குழாய் வயர் எல்லாம் போட்டபின், பூச்சு, தளம், பெயிண்ட் என்று தொடங்குகிற வேலைக்குப் பெயரே ஃபினிஷிங். 'ஃபினிஷிங் ஸ்டார்ட் ஆயிருச்சா?' என்று தினமும் கேட்கிறோம். முடிவு தொடங்கிவிட்டதா என்று கேட்பது எப்படிப்பட்ட வாக்கியம் என்று அதுவரை எனக்கு உறைத்ததே இல்லை. பூமிநாதன் வரைபடத்தைச் சரியாகப் படித்திருக்கிறார். ஸ்க்ரீட் போடப்போகிற காலையில், ஃபினிஷிங் தொடங்குகிறது என்று, துருத்தி நின்ற பட்டையை எல்லாம் வெட்டச் சொல்லியிருக்கிறார். துருத்தி நிற்பது எதுவானாலும் அவர் கண்ணுக்கு ஆகாதுதானே.

மேனேஜருக்குச் சொல்லின் வேடிக்கை பிடிபடவில்லை. வீட்டைச் சரிசெய்வது ஒரு பக்கம் இருக்கட்டும், ஆபீசுக்கு ரிப்போர்ட்டில் ஒரு பெயர் வேண்டும் என்றார் போனில். வெட்டச் சொன்னது யார்? போர்மேன். அப்படியானால் அவன் விசாவை கேன்சல் செய்து அனுப்பிவிடலாம், கலாஸ், அத்தோடு முடிந்தது. நான் வரைபடத்து வரியைப் படித்துக் காட்டினேன். ஆங்கிலம் தெரியாதவனை போர்மேனாக வைத்தது யார் என்று கேட்டார். ஆங்கிலம் தெரிந்ததால்தான் இப்படி ஆனது என்று நான் சொன்னதைச் சமத்காரம் என்று எடுத்துக்கொண்டார். சனிக்கிழமை ஆபீசுக்கு வந்து பேசிக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டார்.

பூமிநாதன் வெளியே ஒரு சிமெண்ட் மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார். நான் போனில் பேசியது எல்லாம் கேட்டிருக்கும். பக்கத்தில் போய் நின்றேன். 

"அனுப்புனாப் பையன சீக்கிரம் பாத்துருவேன் சார்," என்றார். "பாத்த பெறகு என்ன செய்யிறதுன்னுதான் தெரியல."

 கையிலிருந்த தேய்ப்புக் கரண்டியால் தரையில் கிடந்த காய்ந்த சாந்தைச் சுரண்டிக்கொண்டே இருந்தார்.

6

அன்று மதியம் இரேனா அம்மையார் எங்கள் எல்லோருக்கும் சாப்பாடு போட்டார். பூமிநாதன் வர மறுத்தார். அம்மையாரே போய் அழைத்து வந்தார். சாப்பிடும்போது அந்த ஃபினிஷிங் விஷயம் என்ன என்று கேட்டார். நான் விளக்கினேன். அவர் சோற்றிலிருந்து கையை எடுத்துவிட்டுச் சிரித்தார், பிறகு தன் கதையைச் சொன்னார்.

மணமாகி வந்த புதிதில் மாமியாருக்கு அவர்மேல் அவ்வளவு பிரியம் இல்லையாம். எப்படியாவது அவர் மனதைப் பிடிக்க வேண்டும் என்று சில அரபு வாக்கியங்களை மனப்பாடம் செய்திருக்கிறார். ஒருநாள் உறவினர் கூட்டத்துக்கு நடுவில், நீங்கள் என் இதயம் என்று மாமியாரிடம் சொன்னார். இதயத்துக்கு அரபியில் 'கல்ப்'. அந்தக் 'க' தொண்டையின் அடியிலிருந்து வர வேண்டும். முன்வாயிலிருந்து வந்தால் அதற்கு நாய் என்று பொருள். கூடம் அமைதியாகிவிட்டதாம். மாமியார் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, குரைப்பதுபோல ஒரு சத்தம் எழுப்பினாராம். அன்றிலிருந்து இருவரும் சிநேகிதிகள்.

நம் நாக்குக்கும் ஒரே 'க'தான். மஸ்கட்டில் எத்தனை பேரின் இதயத்தை நான் நாயாக்கியிருக்கிறேனோ தெரியாது.

கதை முடிந்ததும் அவர் சலீமைப் பார்த்தார். சலீம் மேனேஜரை போனில் கூப்பிட்டார். வீட்டைச் சரி செய்துகொடுங்கள், ஆனால் இதைப் போட்ட ஆளே சரி செய்ய வேண்டும், வேறு ஆள் என் வீட்டுக்குள் வரக் கூடாது என்றார். நிதானமாகப் பேசினார். அந்தப் பக்கம் என்ன சொன்னாரோ, சலீம் இரண்டு முறை 'லா' என்றார், இல்லை என்று. பிறகு வைத்துவிட்டார்.

இனி எப்படிச் சரி செய்வது என்பது என் தலைவலி. வழி ஒன்றுதான். எல்லா அறைகளிலும் சுவரோரமாகத் தரையை ஒரு விரல் அகலத்துக்கு அடிவரை அறுத்துப் பிரித்து, உள்ளே நுரைப்பட்டையைத் திணித்து, மேலே ரப்பர் மாதிரி நெகிழும் பூச்சால் அடைக்க வேண்டும். அறுக்கும்போது மெஷின் குழாயில் பட்டால் போயிற்று; மொத்தத் தரையையும் உடைக்க வேண்டிவரும். குழாய் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளித்தான் ஓடுகிறது, வரைபடப்படி. ஆனால் வரைபடத்தை நம்பிப் பட்டது போதும் என்று எல்லோருக்கும் இருந்தது.

இரேனா அம்மையார்தான் சொன்னார். போலந்தில் அவருடைய அக்கா புது வீட்டில் இதே மாதிரித் தரை போட்டிருக்கிறாராம். ஈரத்துணியால் துடைத்தால் முதலில் கோடு கோடாகக் காயும், வரிக்குதிரை மாதிரி இருக்கும் என்று அக்கா போனில் குறைப்பட்டாராம். கேட்டதும் என்னால் உட்கார முடியவில்லை. குழாய்க்கு நேர் மேலேதானே முதலில் காயும்.

கூடம் முழுவதும் தண்ணீர் தெளித்தோம். சூட்டை ஏற்றிவிட்டுச் சுவரோரம் வரிசையாகக் குந்தி உட்கார்ந்தோம்: நான், பூமிநாதன், குல்சார், சுதா, நிலா, வீட்டுக்காரர்கள். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு தரையின் பளபளப்பு ஒரு இடத்தில் மங்கியது. மங்கல் நீண்டது. வளைந்தது. நான் ஆபீசில் பேப்பரில் போட்ட பாம்பு, வால்முதல் தலைவரை, ஈரத்துக்குள்ளிருந்து மெதுவாக வெளியே வந்தது. நிலா ஒரு சாக்பீசை எடுத்துக்கொண்டு அதன்மேல் ஓடத் தொடங்கினாள். எத்தனையோ ஏ.சி. வேலை செய்திருக்கிறேன். சுவருக்குள் நான் மறைத்த எதுவும் இப்படி வெளியே வந்து என்னைப் பார்த்ததில்லை.

குழாய் ஓரங்களைத் தொடவில்லை. ஒரே ஒரு மூலை தவிர. வாசற்காலுக்குப் பக்கத்தில் எல்லாக் குழாயும் கூடிச் சுவருக்குள் நுழைகிற இடம். அங்கே ஈரம் மொத்தமாகக் காய்ந்து ஒரு பெரிய திட்டாகத்தான் தெரிந்தது. எது குழாய், எது இடைவெளி என்று பிரியவில்லை. அங்கே மெஷின் வேண்டாம், உளியால் எடுக்கிறேன் என்றார் பூமிநாதன்.

மற்ற ஓரமெல்லாம் அறுத்து முடித்து, பின்னொரு நாள் பிற்பகலில் அந்த மூலைக்கு வந்தோம். சூட்டை நிறுத்தி, குழாயில் அழுத்தம் ஏற்றி வைத்திருந்தேன். அழுத்தமானியின் முள்ளைப் பார்ப்பது என் வேலை. முள் இறங்கினால் எங்கோ குழாய் ஓட்டையாகிவிட்டது என்று பொருள். பூமிநாதன் வயிற்றை அழுத்திக் குப்புறப் படுத்துக்கொண்டு, கரும்பு சீவுகிற பதத்தில் தட்டிக்கொண்டிருந்தார்.  பாதி எடுத்திருப்பார். முள் இறங்கியது.

"நிறுத்துங்க," என்றேன்.

உளி நின்றது. அவர் தலையைத் தூக்கவில்லை. முள் இன்னும் கொஞ்சம் இறங்கியது. குல்சார் பள்ளத்தில் விரலை விட்டுப் பார்த்தார். காய்ந்த தூசிதான் ஒட்டியது. தண்ணீர் எங்கே போகிறது? நான் மோட்டார் அறைக்கு ஓடினேன், திரும்பி ஓடிவந்தேன். பூமிநாதன் அப்படியே கன்னத்தைத் தரையில் வைத்துப் படுத்திருந்தார்.

"சார்," என்றார் மெதுவாக. "தரை ஆறிக்கிட்டு வருது."

அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. மலையில் வெயில் இறங்கியதும் சட்டென்று குளிரும். குழாய்த் தண்ணீர் ஆறினால் சுருங்கும். சுருங்கினால் அழுத்தம் தானே குறையும். ஓட்டையே வேண்டாம். சரிபார்க்க ஹீட்டரைக் கொஞ்ச நேரம் போட்டேன். முள் பழைய இடத்துக்கு ஏறி நின்றது. நின்றுகொண்டே இருந்தது. மிச்சத்தை எடுங்கள் என்றேன். அவர் எடுத்து முடிக்கும்வரை என் கண் முள்ளிலேயே இருந்தது. எழுந்தபோது அவர் சட்டை முன்புறம் முழுக்க வெள்ளைத் தூசி. ஒட்டிய பட்டையை இந்தத் தடவை அவர் வெட்டவில்லை. எப்போது வெட்டுவது என்று இரண்டு தடவை என்னிடம் கேட்டுக்கொண்டார், தமிழில்.

ஆடுகள் அதன்பிறகும் சில காலைகள் வந்து பழைய இடத்தில் படுத்துப் பார்த்தன. பிறகு வரவில்லை. எதிர் வீட்டு ரொட்டி அடுப்புச் சுவருக்குப் போய்விட்டன. ஆடுகள் என்மேல் புகார் கொடுக்கப்போகின்றன என்று சலீம் சொல்லிக்கொண்டிருந்தார்.

7

வீடு தயாரான அன்று மறுபடி குடும்பத்தோடு மலை ஏறினேன். இரேனா அம்மையார் எல்லோரையும் செருப்பைக் கழற்றச் சொன்னார். அவர் காலுறையையும் கழற்றிவிட்டு அடுப்படிவரை நடந்து போய்த் திரும்பி வந்தார்.  சுவரோரமாகவே நடந்தார் என்பதைக் கவனித்தேன்.

பிறகு ஒவ்வொருவரிடமும் இதற்கு உங்கள் மொழியில் என்ன சொல் என்று கேட்டார். அவர் மொழியில் 'செப்வோ'. சலீம் 'தாஃபி' என்றார். குல்சார் 'குன்குனா' என்றார். நான் வெதுவெதுப்பு என்றேன். சுதா ஒத்துக்கொள்ளவில்லை, வெதுவெதுப்பு தண்ணீருக்கு, போர்வைக்குள்ள இருக்கது கதகதப்பு என்றாள். பூமிநாதன் அவள் கட்சி. வெயில்பட்டே கறுத்த விருதுநகர்க்காரனான எனக்கு, இதமான சூட்டுக்கு இத்தனை நுணுக்கமாகச் சொல் வைத்திருக்கிறோம் என்பதே செய்தியாக இருந்தது. நிலா தரையில் கன்னத்தை வைத்துப் படுத்தபடி, 'கடகடப்பு' என்று சொல்லிப் பார்த்தாள். சுதா திருத்த வாயெடுத்தாள். இரேனா அம்மையார் அவள் கையைத் தொட்டு நிறுத்தினார். தன் பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில் இருக்கிறார்கள், அவர்கள் வாயில் தன் மொழி பிழையாகக்கூட வராது என்று என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார். அதைச் சொல்லும்போது நிலாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மேனேஜர் ரிப்போர்ட்டில் கடைசியாக என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியாது. பூமிநாதனுக்கு லீவு தள்ளிப்போனது, விசா போகவில்லை. பங்குனியில் ஊருக்குப் போனார். லீவு முடிந்து வந்தபோது சீப் விமான நிலையத்திலிருந்து அவரைக் கூட்டிவரும் கம்பெனி வண்டியில் நானும் இருந்தேன். முகம் கறுத்து, கன்னம் கொஞ்சம் சதை போட்டிருந்தார். எல்லோரும் கேட்கிறதையே நானும் கேட்டேன், பையன் யார் ஜாடை என்று.

 முதலில் பையன் அவரைக் கண்டாலே அழுதானாம். வீட்டில் எல்லோரும் 'அப்பாடா, அப்பாடா' என்று தூக்கிக் கையில் திணிக்கத் திணிக்க இன்னும் அழுதானாம். அப்புறம் இவர் ஒன்றும் செய்யாமல், அவன் விளையாடுகிற இடத்துக்குக் கொஞ்சம் தள்ளிச் சும்மா உட்கார்ந்திருக்க ஆரம்பித்தார். கிளம்புகிற சமயத்தில்தான் அவனாக வந்து இவர் தொடையில் சாய்ந்து நின்றான்.

"சாடை எல்லாம் யாரு மாதிரியும் இல்ல சார்," என்றார். "அவன் அவனாட்டந்தான் இருக்கான். நாந்தான் போயிப் பழகணும்."

அடுத்த லீவுக்கு எப்போது எழுதிக் கொடுக்கலாம் என்று வண்டி ரூவிக்குள் நுழைவதற்குள் கேட்டுவிட்டார்.